மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே மழை: வீடு, வாகனக் காப்பீட்டுச் செலவை எதிர்கொள்வது

(புதுச்சேரி கோரிமேட்டில் 2025 அக்டோபரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். அச்சுக்காக இடைப்பேச்சுகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் இலக்கியமோ வரலாறோ எதிர்பார்த்துப் பலர் வந்திருப்பீர்கள். நான் பொருளியல் சொல்லிக்கொடுத்தவன். சென்ற ஓராண்டாக இந்தப் பகுதியில் என்னைப் பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், இன்சூரன்ஸ் இவ்ளோ ஏறிப்போச்சே, கட்டத்தான் வேணுமா?" காவலர் குடியிருப்பில் இருப்பவர் தன் காருக்காகக் கேட்டார். ஜிப்மரில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் கேட்டார். எல்லையைத் தாண்டிப் பட்டானூரில் கடன் வாங்கி வீடு கட்டிய இளம் தம்பதி கேட்டார்கள். தெருவில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. அதனால்தான் தலைப்பைத் தெரிவு செய்யச் சொன்னபோது இதையே கேட்டு வாங்கினேன்.

நாம் கூடியிருக்கும் இடம் பெயரிலேயே மேடு. இங்கிருந்து திண்டிவனம் சாலையில் ராஜீவ் காந்தி சிலை நோக்கி சைக்கிளில் போகிறவர்களுக்குத் தெரியும், மிதிக்காமலே வண்டி இறங்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்து, நகராமல் அப்படியே நின்று கொட்டியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பதிவான மழை 46 சென்டிமீட்டருக்குக் குறையாது. கோரிமேட்டில் தண்ணீர் ஓடியது, நிற்கவில்லை. ஓடிய தண்ணீர் எங்கே போகும்? கீழே ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் போய் நின்றது. கிருஷ்ணா நகரில் மக்களை வெளியே கொண்டுவர ராணுவம் படகோடு வந்தது.

அந்தக் கிருஷ்ணா நகரில்தான் என் தம்பி மகன் குடியிருந்தான். கார் வாசலில் நின்றது. இருக்கை அளவுக்குத் தண்ணீர். இரண்டு நாள் கழித்து வடிந்ததும், ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்பினான். இரண்டு முறை முனகிவிட்டு எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பட்டறைக்கு வந்த சர்வேயர் முதலில் ஏர் ஃபில்ட்டரைக் கழற்றினார். காகித மடிப்பைக் கையால் அழுத்தினார். பழுப்புத் தண்ணீர் சொட்டியது. "ஸ்டார்ட் பண்ணீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவன் ஆமாம் என்றான். இருக்கை, கம்பளம், வயரிங் ஆகியவற்றுக்குப் பணம் வந்தது, எஞ்சினுக்கு வரவில்லை. வெள்ளம் வந்து சேதம் செய்தால் காப்பீடு உண்டு. வெள்ளம் புகுந்த எஞ்சினை நாமே முடுக்கி, அதனால் உள்ளே உடைந்தால், அது 'பின்விளைவுச் சேதம்' என்று சாதாரண பாலிசி ஒதுக்கிவிடும். பாலிசித் தாளில் அது எழுதியே இருக்கிறது. முழு காப்பீடு என்று நம்பித்தான் அவன் வருடாவருடம் கட்டினான். யாரும் அவனுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டியதில்லை.

இந்த அனுபவமே என் வாதத்துக்கு அடிப்படை. தாங்கக்கூடிய நஷ்டத்தை நாமே தாங்கிக்கொண்டு, தாங்க முடியாத நஷ்டத்தை மட்டும் காப்பீட்டிடம் ஒப்படைத்தால், ஏறுகிற செலவைச் சமாளிக்க முடியும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். பம்பரில் விழுந்த கீறலுக்கு ஓடிப்போய் கிளெய்ம் போடுகிறோம். முப்பது வருடச் சம்பளத்தில் கட்டிய வீட்டை எந்தப் பாலிசியும் இல்லாமல் மழையில் நிறுத்தி வைக்கிறோம். இதை ஏழு குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. எது ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கார் பாலிசித் தாளில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் சேதத்துக்கானது. மூன்றாம் நபர் காப்பீடு, பேச்சு வழக்கில் 'தேர்ட் பார்ட்டி'. இன்னொன்று நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கானது. முதலாவதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. நாடு முழுவதும் ஒரே கட்டணம், எந்த நிறுவனத்திலும் ஒரே கட்டணம். 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 2019இல் அது 3,221 ரூபாய். 2022 ஜூன் 1 முதல் 3,416 ரூபாய். இன்றும் அதுதான். ஆறு ஆண்டில் 195 ரூபாய் ஏறியிருக்கிறது.

அப்படியானால் பில் ஏன் கனக்கிறது? இரண்டாவது பகுதியால்தான். 2007 ஜனவரி முதல் அதன் விலையை நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. பழைய காரின் பம்பர் வெறும் பிளாஸ்டிக்; இன்றைய பம்பருக்குள் சென்சார், முன் கண்ணாடியில் கேமரா. சின்ன மோதலுக்கே பட்டறை பில் எகிறுகிறது. அதன் மேல் 'ஆட்-ஆன்' எனும் கூடுதல் காப்புகள். புதுப்பிக்கும்போது நாம் கேட்காமலே சில அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். மொத்தத்துக்கும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சென்ற மாதம் 22ஆம் தேதி முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் அந்த வரி நீங்கிவிட்டது. காருக்கும் வீட்டுக்கும் நீங்கவில்லை. செய்தியை மேலோட்டமாகப் படித்தவர்கள் எல்லாக் காப்பீட்டுக்கும் வரி போய்விட்டது என்று நினைக்கிறார்கள்.

வீட்டுக் காப்பீட்டின் விலை உலகச் சந்தையோடும் கட்டுண்டது. நம் நிறுவனங்களும் தங்கள் பாரத்தின் ஒரு பங்கை மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் ஏற்றுகின்றன. அமெரிக்காவில் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் 2023 மே மாதம் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டு பாலிசிகளை நிறுத்தியது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தது. அத்தகைய இழப்புகளின் கணக்கு வேறு நாடுகளின் விலையிலும் மெல்ல வந்து சேரும்.

2. தேர்ட் பார்ட்டியில் ஒரு நாள்கூட இடைவெளி விடாதீர்கள்

செலவைக் குறைக்க நம்மில் பலர் முதலில் கை வைப்பது இங்கேதான். ஸ்கூட்டர் பழசாகிவிட்டது, கடைக்கும் கோயிலுக்கும்தான் போகிறது, எதற்கு இன்சூரன்ஸ் என்கிறார்கள். நாட்டில் ஓடும் வண்டிகளில் ஏறத்தாழ பாதிக்குக் காப்பீடு இல்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பங்கு இரு சக்கர வண்டிகள். போலீஸ் பிடித்தால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மறுமுறை 4,000. நம்மவர்கள் அஞ்சுவது அந்த அபராதத்துக்கு மட்டுமே.

அஞ்ச வேண்டியது எது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாதம் 25,000 ரூபாய் சம்பாதிக்கும் 30 வயதுத் தச்சர் ஒருவர் நம் ஸ்கூட்டர் மோதி இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். உச்ச நீதிமன்றம் 2009இல் சர்லா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் இழப்பீட்டுக்கு வகுத்த முறை இது. ஆண்டு வருமானம் 3 லட்சம். சுயதொழில் செய்யும் நாற்பதுக்குட்பட்டவர் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 4,20,000. அவருடைய சொந்தச் செலவென்று கால் பங்கு கழித்தால் 3,15,000. அவர் வயதுக்கான பெருக்கெண் 17. பெருக்கினால் 53,55,000 ரூபாய். ஈமச்சடங்கு முதலான தலைப்புகளில் இன்னும் கொஞ்சம் சேரும்.

125 சி.சி. வண்டிக்கு இந்தக் காப்பு ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இந்தக் காப்பில் உச்சவரம்பே கிடையாது. இந்தியாவில் கிடைக்கும் காப்பீடுகளில் கொடுக்கும் காசுக்கு இவ்வளவு கனமான காப்பு வேறில்லை என்பது என் கருத்து. பாலிசி இல்லாமல் போனால் அந்த 53 லட்சம் வண்டிச் சொந்தக்காரர் தலையில், அவர் வீட்டின் மேல், ஓய்வூதியப் பணத்தின் மேல் வந்து விழும். இன்னொரு குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும். தீர்ப்பு வந்தும் பணம் வராத குடும்பங்களின் வலி நிறையப் பேருக்குத் தெரியாது.

பெற்றோர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உரிமம் இல்லாத பதினாறு வயதுப் பையனிடம் சாவி கொடுத்து அவன் மோதிவிட்டால், நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்தாலும், அதை உங்களிடமிருந்து திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

தேர்ட் பார்ட்டியில் ஒரு கண்ணி இருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டு, புதிய இரு சக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு தேர்ட் பார்ட்டியை ஒரே தடவையில் கட்டியாக வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் ஐந்து ஆண்டு முடிகிற நாள் யாருக்கு நினைவிருக்கிறது? வருடாவருடம் புதுப்பிக்கும் பழக்கமே நமக்கு விட்டுப்போயிருக்கும். அந்தத் தேதிக்குப் பேச்சின் கடைசியில் மறுபடி வருகிறேன்.

3. சின்ன கிளெய்மை விழுங்கிக்கொள்ளுங்கள்

நான் முன்பு சொன்ன ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா, தன் புதுப்பிப்புத் தாளோடு என் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் சென்ற வருடத் தாளையும் இந்த வருடத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்கோல் பிடித்து வரி வரியாகப் பார்த்தோம். தேர்ட் பார்ட்டி அதே 3,416. சொந்தச் சேத வரியில் சென்ற வருடம் "நோ கிளெய்ம் போனஸ் 50%" என்று இருந்த இடத்தில் இந்த வருடம் பூஜ்யம்.

"என்னம்மா கிளெய்ம் பண்ணீங்க?"

"மார்க்கெட்டுல ஆட்டோ உரசிடுச்சு சார். பம்பருக்கு பெயின்ட். 4,800 ரூபாய் பில். இன்சூரன்ஸ்லயே போட்டுக்கலாம்னு பட்டறையில சொன்னாங்க."

இந்த இடத்தில் கணக்கு முக்கியம். விபத்துக் கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கு, சொந்தச் சேதக் கட்டணத்தில் 20, 25, 35, 45, 50 விழுக்காடு எனப் படிப்படியாகத் தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் கீழே பூஜ்யத்துக்கு வந்துவிடுவோம். அந்த அம்மாவின் சொந்தச் சேதக் கட்டணம், தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய். 50 விழுக்காடு இருந்தபோது கட்டியது 4,000. கிளெய்முக்குப் பின் முதல் ஆண்டு 8,000; அதாவது 4,000 கூடுதல். அடுத்த ஆண்டு 20 விழுக்காடு கிடைக்கும், 2,400 கூடுதல். அப்புறம் 2,000, பிறகு 1,200, பிறகு 400. மறுபடி 50 விழுக்காட்டுக்கு ஏறும்வரை மொத்தம் 10,000 ரூபாய் கூடுதல். 18 விழுக்காடு வரியோடு 11,800. வண்டியின் மதிப்பு வருடத்துக்கு வருடம் குறைவதால் இந்தத் தொகையும் கொஞ்சம் குறையும். அவர் கைக்கு வந்தது எவ்வளவு? 4,800இல் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 1,000 போக 3,800.

அந்த அம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பணம் போனதைவிட, யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்பதுதான் அவரை வருத்தியது. நாற்பது வருடம் மருந்துச் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு ஊசி போட்டவர் அவர்.

பட்டறையில் உங்களிடம் கிளெய்ம் படிவத்தை நீட்டினால், இரண்டு கேள்வி கேளுங்கள். இப்போது எனக்கு எத்தனை விழுக்காடு போனஸ் இருக்கிறது? என் சொந்தச் சேதக் கட்டணம் எவ்வளவு? அந்தப் போனஸ் காருக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. காரை விற்றால் சான்றுக் கடிதம் வாங்கி மூன்று ஆண்டுக்குள் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். கணவர் இறந்தபின் கார் மனைவி பெயருக்கு மாறினால் போனஸும் கூட வரும். ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அத்தனையும் போய்விடும்.

இதே வழியில் இன்னொரு வசதி உண்டு. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 2,500 ரூபாயை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் 750 ரூபாய் வரை, 15,000 வரை ஏற்கிறேன் என்றால் 2,500 ரூபாய் வரை கட்டணம் குறையும். சின்னச் சேதத்துக்கு எப்படியும் கிளெய்ம் போடப்போவதில்லை என்று முடிவு செய்தவருக்கு இது பொருந்தும். அவசரத்துக்குப் பதினைந்தாயிரம் புரட்ட முடியாதவர் இதன் பக்கம் போக வேண்டாம்.

4. எந்த ஆட்-ஆன் என்பதைக் குடியிருக்கும் தெரு சொல்லும்

வண்டியின் மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தைக் குறைப்பது மோசமான சிக்கனம். வண்டி திருட்டுப் போனாலோ முழுதாக நொறுங்கினாலோ அந்தக் குறைந்த மதிப்புத்தான் கைக்கு வரும். பெரிய நஷ்டத்துக்கான காப்பை வெட்டுவது என் வாதத்துக்கே எதிரானது.

வெட்டுவதானால் ஆட்-ஆனில் வெட்டுங்கள். தேய்மானம் கழிக்காமல் உதிரிப்பாக விலை முழுவதும் தரும் 'ஜீரோ டெப்' புதுக் காருக்குப் பயன் தரும். ஏழெட்டு வயதுக் காருக்கு அவசியமா என்று யோசியுங்கள். எஞ்சின் பாதுகாப்புக் காப்பை மேட்டில் குடியிருப்பவர் விட்டுவிடலாம்; ரெயின்போ நகரிலோ கிருஷ்ணா நகரிலோ, இந்திரா காந்தி சிலையைச் சுற்றியோ இரவில் வண்டி நிறுத்துகிறவர் விடவே கூடாது. எந்தக் காப்பு இருந்தாலும் சரி, தண்ணீர் புகுந்த வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

கட்டணத்தில் ஊருக்கும் பங்குண்டு. பழைய கட்டண அட்டவணை காருக்கு நாட்டை இரண்டாகப் பிரித்தது: சென்னை உட்பட எட்டுப் பெருநகரங்கள் ஒரு வட்டாரம், மற்றதெல்லாம் இன்னொன்று. புதுச்சேரியின் PY பதிவு இரண்டாவதில் வருகிறது. கட்டணம் கொஞ்சம் குறைவு. சாலை வரிக்காகப் பொய் முகவரியில் இங்கே பதிவு செய்த வெளியூர்ச் சொகுசுக் கார்கள் 2017இல் கேரளத்தில் வழக்கானதை அறிவீர்கள். அந்தப் பொய் முகவரி காப்பீட்டிலும் உடைவது கிளெய்ம் நேரத்தில்தான். டொராண்டோவில் உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள். ஒன்டாரியோவில் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்தே பிரீமியம் மாறும். நம்மூரில் இன்னும் அவ்வளவு நுணுக்கமாக வெட்டவில்லை. வெட்டத் தொடங்கினால் பள்ளத்துத் தெருக்காரர்கள்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள்.

5. வீடு

இந்த அரங்கில் வீட்டுக்குத் தனியாகக் காப்பீடு எடுத்தவர்கள் கை தூக்குங்கள் என்று பேச்சின்போது கேட்டேன். இரண்டு கைகள் எழுந்தன. ஒருவர், வங்கிக் கடனோடு சேர்த்து எடுத்தது, தாளைப் பார்த்ததே இல்லை என்றார்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்றாக வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மரம் விழுதல், கலவரம் எல்லாம் அதில் அடக்கம். கட்டடத்துக்குக் காப்பு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 விழுக்காடு, அதிகம் 10 லட்சம் வரை, தானாகவே கிடைக்கும். ஒவ்வொரு ஆண்டும் காப்புத்தொகை 10 விழுக்காடு தானே ஏறும். வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகையும் உண்டு. குறைத்துக் காப்பீடு செய்தீர்கள் என்று சொல்லிப் பணத்தைப் பிடிக்கும் பழைய வழக்கம் இதில் இல்லை. வாடகைக்கு இருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

விலை அதிகம் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? வீட்டின் சந்தை விலையை மனதில் வைத்துக் கேட்கிறோம். எண்பது லட்சம் பெறும் வீடு என்றால் எண்பது லட்சத்துக்குக் காப்பு வேண்டுமே என்று மலைக்கிறோம். அந்த எண்பதில் பெரும்பகுதி மனையின் விலை. வெள்ளம் மனையை அடித்துக்கொண்டு போவதில்லை. மறுபடி கட்ட ஆகும் செலவுக்குத்தான் காப்பு. ஆயிரம் சதுர அடி, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 22 லட்சம். அதற்கான பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். காரின் பம்பருக்காக அதைப்போல் பல மடங்கு கட்டுகிற குடும்பம் இதைக் கட்டுவதில்லை.

நகரின் பழைய தெருக்களில் சுண்ணாம்புச் சாந்து வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் காலத்து நகர மன்றமான மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்ததை நாம் பார்த்தோம். அதை அதே உருவில் எழுப்ப உலக வங்கி உதவியும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன. தேக்கு உத்தரமும் சுண்ணாம்புப் பூச்சும் தெரிந்த கொத்தனார் கூலியும் சேர்த்து, பொறியாளர் ஒருவரிடம் மதிப்பீடு வாங்கி அதன் பேரில் காப்பு எடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். நகைக்கும் சாதாரணத் திருட்டுக்கும் இந்தப் பாலிசி அப்படியே பொருந்தாது; தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி காப்பீடு வேண்டும் என்று கேட்கலாம். தான் சொல்லும் நிறுவனத்திலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. வங்கி எடுத்துத் தந்த பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கடன் முடிகிற அன்றே காப்பும் முடிகிறதா என்று பாருங்கள்.

6. மறுத்தால் போக இடம் இருக்கிறது

என் தம்பி மகன் மறுப்புக் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டான். அவன் விஷயத்தில் நிறுவனம் பக்கம் விதி இருந்தது. எல்லா மறுப்பும் அப்படி இல்லை. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டாம், 50 லட்சம் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. நம் யூனியன் பிரதேசம் நான்கு துண்டு என்பதால் இதிலும் பிரிவினை உண்டு: புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம், மாஹேவுக்குக் கொச்சி, ஏனாமுக்கு ஹைதராபாத்.

7. தனி வீட்டால் முடியாதது

இதுவரை சொன்னதெல்லாம் ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியது. பள்ளத்தில் வீடு வைத்திருப்பவரின் பாரத்தை அவர் மட்டுமே சுமக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. மேட்டில் நாம் போட்ட கான்கிரீட் தளமும் சிமென்ட் சாலையும்தான் மழையை வேகமாகக் கீழே அனுப்புகின்றன. கிருஷ்ணா நகரில் நின்ற தண்ணீரில் நம் தெருத் தண்ணீரும் இருந்தது.

ஃபெஞ்சலுக்குப் பின் புதுச்சேரி அரசு எல்லாக் குடும்ப அட்டைகளுக்கும் 5,000 ரூபாய் கொடுத்தது. சுமார் மூன்றரை லட்சம் அட்டைகள். 170 கோடிக்கு மேல் செலவு. மக்களுக்குப் பணம் சேர்ந்ததை நான் குறை சொல்லவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்றவருக்கும், மேட்டில் ஒரு பூந்தொட்டிகூட உடையாத எனக்கும் அதே 5,000தான் கிடைத்தது. படுக்கை, ஃபிரிட்ஜ், பிள்ளைகளின் புத்தகம், தையல் இயந்திரம் எல்லாம் போன குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு?

வேறு வழி உண்டா? நம்மோடு குடியுரிமைத் தொடர்புள்ள பிரான்ஸைப் பாருங்கள். பிரான்ஸிலிருந்து ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 1982 ஜூலைச் சட்டப்படி அங்கே ஒவ்வொரு வீட்டுக் காப்பீட்டோடும் இயற்கைப் பேரிடருக்கென ஒரே விகிதத்தில் கூடுதல் தொகை வசூலிக்கிறார்கள். மலையில் இருப்பவருக்கும் ஆற்றங்கரையில் இருப்பவருக்கும் அதே விகிதம். வெள்ளமும் வறட்சியும் கூடியதால் 2025 ஜனவரி 1 முதல் அந்த விகிதத்தை 12இலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தினார்கள். அங்கும் விலை ஏறுகிறது. ஆனால் பள்ளத்தில் இருப்பவரை மட்டும் தனியே நிறுத்தி ஏற்றவில்லை.

இன்னொன்று இந்தியாவிலேயே இருக்கிறது. இத்தனை மழை பெய்தால் இத்தனை பணம் என்று, சேதத்தை ஒவ்வொன்றாக அளக்காமல், மழைமானியின் அளவை வைத்து உடனே பணம் கிடைக்கும் பாலிசியை நாகாலாந்து அரசே தன் பெயரில் எடுத்துப் பார்த்திருக்கிறது. பரப்பளவில் சிறிய, ஒரே புயலில் முழுதும் நனைந்துவிடும் நம் பிரதேசத்துக்கு இது பொருந்தும். நிவாரணமாகக் கொடுக்கும் கோடிகளில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிரீமியமாகக் கட்டி, தாழ்ந்த பகுதிக் குடும்பங்களுக்கு அரசு வீட்டுக் காப்பீடு எடுத்துத் தரலாம். ஆயிரம் ரூபாய் வீட்டுப் பாலிசி மேல் மத்திய அரசு 18 விழுக்காடு வரி வாங்குவது நியாயமல்ல. மருத்துவக் காப்பீட்டுக்கு நீக்கியதை இதற்கும் நீக்க வேண்டும். இதை விண்ணப்பமாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கையெழுத்திட விரும்புவோர் போகும்போது வாசல் மேசையில் இடலாம்.

அன்பர்களே, இரண்டாவது குறிப்பில் ஒரு தேதியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 2020ஆம் ஆண்டுத் தீபாவளி நவம்பர் 14 அன்று வந்தது. கொரோனா ஊரடங்கு தளர்ந்த நேரம். பேருந்தில் ஏற அஞ்சி, அந்தப் பண்டிகைக்கு ஸ்கூட்டர் வாங்கியவர்கள் நம் தெருக்களில் நிறையப் பேர். இந்த அரங்கின் வாசலில் நிற்கும் வண்டிகளிலும் அவை இருக்கும். அவற்றின் ஐந்து ஆண்டு தேர்ட் பார்ட்டி அடுத்த மாதம் முடிகிறது. இன்று வீட்டுக்குப் போனதும் சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்தத் தாளை எடுத்து, கடைசித் தேதியைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் பார்க்கச் சொல்லுங்கள்.